தண்ணீர்மேல் சத்தம், அடியில் மஸ்கி: வாசகர் கேள்வி-பதில்

மஸ்கி (muskellunge என்ற பெரிய நன்னீர் வேட்டை மீன்) பிடிக்க டாப்வாட்டர் லூர், அதாவது நீரின் மேற்பரப்பில் இழுக்கும் செயற்கைத் தூண்டில் இரை, தேர்ந்தெடுப்பது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்கள். ரொறன்ரோவிலிருந்து காலையில் போய் இரவுக்குள் திரும்பக்கூடிய கவார்த்தா ஏரிகளைத்தான் பெரும்பாலும் மனதில் வைத்திருக்கிறோம். பிற நீர்நிலைகளுக்கு வேறுபடும் இடங்களில் அதைச் சொல்லியிருக்கிறோம்.

கடையில் ஒரு சுவர் முழுக்க டாப்வாட்டர் லூர் தொங்குகிறது. முதன்முதலாக வாங்குபவர் எதைப் பார்த்து வாங்குவது? நிறமா, உருவமா? (ஸ்காபரோ)

இரண்டும் பிறகு. எந்த வேகத்தில் இழுத்தால் அது வேலை செய்யும், என்ன சத்தம் போடும் என்பதை முதலில் பாருங்கள். மஸ்கி கீழிருந்து மேலே பார்த்து அடிக்கிற மீன். வானத்து வெளிச்சத்துக்கு எதிரே அதற்குத் தெரிவது ஒரு கரிய உருவமும், நீரில் எழும் சலசலப்பும்தான். அந்தச் சலசலப்பு ஒரே சீராக நகர்ந்தால்தான் மீனால் குறி பார்த்து வாயைத் திறக்க முடியும்.

முதல் லூராக வால் சுழலும் வகையையே வாங்குங்கள். உடல் நேராக வரும், பின்பாதியோ வால் தகடோ சுழன்று தண்ணீரை அடிக்கும். லாரி டால்பெர்க் வடிவமைத்த வொப்பர் பிளாப்பர், பல ஆண்டுகளாக மஸ்கிக்காரர்கள் வைத்திருக்கும் டாப்ரெய்டர் எல்லாம் இந்த வகை. ராட் (தூண்டில் கம்பு) நுனியில் எந்த வித்தையும் காட்ட வேண்டியதில்லை, நேராகச் சுற்றி இழுத்தால் போதும். சற்று அலை இருந்தாலும் சத்தம் கேட்கும். வேகமாக இழுக்கலாம் என்பதால் குறைந்த நேரத்தில் நிறைய இடத்தைத் தேடிப் பார்க்கலாம். பழகாத கையாலும் சீராக இழுக்க முடிவது இதன் பெரிய லாபம்.

இரண்டாவதாக ஒரு கிரீப்பர். இரு பக்கமும் உலோகச் சிறகு வைத்து, இடமும் வலமுமாகத் தண்ணீரைத் துடுப்புப் போட்டபடி ஊர்ந்து வரும். 1938 முதல் விற்பனையில் இருக்கும் ஆர்போகாஸ்ட் ஜிட்டர்பக், சிறகுக்குப் பதில் முகத்தில் வளைந்த தகட்டை வைத்து இதே வேலையைச் செய்கிறது. இவை மெதுவாக இழுக்க வேண்டியவை. தண்ணீர் கண்ணாடி போல் கிடக்கும் மாலைக்கும் இரவுக்கும் இவற்றுக்கு இணையில்லை.

இட-வலமாக நெளியும் 'வாக்கிங்' வகை, அதாவது ஹெடன் சூப்பர் ஸ்பூக், மஸ்கி மேனியாவின் 9 அங்குல டாக் போன்றவை, மூன்றாவதாக வரட்டும். நன்றாக மீன் பிடிப்பவைதான். ஆனால் ராட் நுனியைக் கீழே வைத்துத் தட்டி, ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் லைனைத் தளரவிட்டு, அதே தாளத்தில் படகு வரை வர வேண்டும். தாளம் தப்பினால் லூர் ஒரு நேரம் ஒரு முழம் தாவும், மறுநேரம் நிற்கும். மஸ்கி அடித்த இடத்தில் அது இருக்காது.

அளவைப் பொறுத்தவரை, கவார்த்தாவில் எண்ணிக்கை அதிகம், மீன் அளவு நடுத்தரம். 6 முதல் 7½ அங்குலம் போதும். ஜார்ஜியன் பே, செயின்ட் லாரன்ஸ், லேக் ஆஃப் த வுட்ஸ் போன்ற பெருமீன் இடங்களுக்கு 8 முதல் 10 அங்குலம் எடுத்துப் போகலாம்.

நிறம் முக்கியமே இல்லையா? (பிராம்ப்டன்)

கொஞ்சம்தான். மூடிய வானத்துக்கும் இரவுக்கும் கறுப்பு. வெயிலுக்கு வெள்ளை வயிறு. இந்த இரண்டோடு நிறுத்திக்கொள்ளலாம். முதுகில் ஆரஞ்சு அல்லது மஞ்சள் பட்டை இருந்தால் அது உங்களுக்கு உதவும், தூரத்தில் லூர் எங்கே வருகிறது என்று கண்ணுக்குத் தெரியும். ஒரே லூரில் ஐந்து நிறம் வாங்கும் காசில் ஐந்து நல்ல ட்ரெபிள் (மூன்று முனை) கொக்கிகளும் ஒரு அரமும் வாங்குங்கள்.

டாப்வாட்டர் எந்த மாதத்தில் ஆரம்பிக்கிறது? காலையா மாலையா? (மார்க்கம்)

மாதத்தை விட வெப்பமானி நம்பகமானது. மேற்பரப்பு நீர் 18 பாகை செல்சியஸைத் தாண்டும்போது டாப்வாட்டருக்குக் காலம் வந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளலாம். 20 முதல் 25 பாகை வரை நல்ல காலம். அதற்கு மேல் மீன் அடிக்கும், ஆனால் பிடிபட்டு விடுபட்ட பின் பிழைக்காமல் போகலாம். வெந்நீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைவு, போராடிக் களைத்த மஸ்கியால் மீள முடிவதில்லை. ஏறத்தாழ 26-27 பாகை வந்துவிட்டால் மஸ்கியை விட்டு பாஸ் பிடிக்கப் போங்கள். ஜூலைக் கடைசியில் ஆழமற்ற ஏரிகள் மதியத்தில் இந்த எல்லையைத் தொடுவது வழக்கம். அதனால்தான் விடியற்காலை நல்லது என்கிறோம். வெளிச்சம் குறைவு என்பது ஒரு காரணம், இரவில் நீர் குளிர்ந்திருப்பது இன்னொன்று.

விடியலுக்கும் அந்திக்கும் அடுத்து, லேசான மழைத்தூறல் நேரம். இடி முழங்கினால் கரைக்கு வந்துவிடுங்கள். 9 அடி கார்பன் ராட் கையில் இருக்கிறது.

இடம் தேடும்போது, நீர்ச்செடிகளின் தலை மேற்பரப்புக்கு ஓரடி முதல் மூன்றடி கீழே நிற்கும் இடங்களைப் பாருங்கள். செடி மேற்பரப்பையே முட்டிக்கொண்டிருந்தால் லூர் சிக்கும். பத்தடிக்குக் கீழே போய்விட்டால் மீன் மேலே வர யோசிக்கும். அகன்ற இலைச் செடித்திட்டின் வெளிவிளிம்பு, அதில் உள்ளே குடைந்த வளைவுகள், பக்கத்தில் ஆழம்: இந்த மூன்றும் சேர்ந்த இடத்தை இரண்டு முறை, இரண்டு கோணத்தில் வீசிப் பார்த்துவிட்டு நகருங்கள்.

வொப்பர் பிளாப்பரை மஸ்கி அடிக்கிறது, தண்ணீர் சிதறுகிறது, ஆனால் கொக்கியில் மாட்டுவதில்லை. லூரை மாற்ற வேண்டுமா? (ஏஜாக்ஸ்)

லூரை மாற்றாதீர்கள். கண்ணால் பார்த்து ராட்டைச் சுண்டுகிறீர்கள் என்றுதான் தோன்றுகிறது. தண்ணீர் வெடித்ததும் கை தானாக எழும்பும். அந்த நேரத்தில் லூர் மீனின் வாயில் இருக்கலாம், வாய்க்குப் பக்கத்தில் இருக்கலாம், மீன் தள்ளிய அலையில் ஓரடி தூரம் எகிறிப் போயும் இருக்கலாம். நீங்கள் சுண்டினால் லூர் மீனிடமிருந்து பறந்து உங்கள் முகத்தை நோக்கி வரும். கறுப்புக் கண்ணாடியோ தெளிவான பாதுகாப்புக் கண்ணாடியோ இல்லாமல் டாப்வாட்டர் வீசக்கூடாது என்பதற்கும் இதுதான் காரணம்.

சத்தம் கேட்டாலும் அதே வேகத்தில் சுற்றிக்கொண்டே இருங்கள். கையில் கனம் ஏறும். அந்தக் கனம் வந்தபின் ராட்டைப் பக்கவாட்டில், இடுப்பு உயரத்தில், நீளமாக இழுத்து அழுத்துங்கள். மேல்நோக்கி இழுப்பதை விடப் பக்கவாட்டு இழுப்பு நல்லது. மீன் வாயைத் திறந்து தலையாட்டும்போது லைன் தளராமல் இருக்கும்.

கனம் வரவேயில்லை என்றால் நிறுத்தாதீர்கள். தவறவிட்ட மஸ்கி திரும்பி மறுபடி அடிப்பது உண்டு, அதற்கு லூர் அதே பாதையில் போய்க்கொண்டிருக்க வேண்டும். கிரீப்பரில் மட்டும் ஒரு விலக்கு. அடித்துத் தவறினால் ஒரு நொடி நிறுத்தி, மீண்டும் ஊரவிடலாம்.

இவ்வளவும் சரியாகச் செய்தும் மாட்டவில்லையா? கொக்கி முனையைக் கட்டைவிரல் நகத்தில் வைத்துச் சரித்துப் பாருங்கள். நகத்தில் பிடிக்காமல் வழுக்கினால் அது மொட்டை. மஸ்கியின் வாய் எலும்பும் பல்லும்தான், கொக்கி இறங்க மென்மையான இடம் கொஞ்சமே. புதிய லூரோடு வரும் கொக்கியைக்கூட அரத்தால் முனையை நோக்கி மூன்று நான்கு தரம் தீட்டிவிட்டுத்தான் வீச வேண்டும். கொக்கியின் முள்ளை இடுக்கியால் நசுக்கிவிட்டால் எளிதாக இறங்கும், கழற்றுவதும் எளிது.

ரீலின் டிராக் (லைன் வெளியேறுவதைத் தடுத்துப் பிடிக்கும் அமைப்பு) தளர்வாக இருந்தாலும் இதே தொல்லை. நீங்கள் இழுக்கும் விசை கொக்கிக்குப் போகாமல் ரீலில் லைனாக வழிந்துவிடும். லைனைக் கையில் சுற்றிப் பிடித்து இழுத்தால் சிரமப்பட்டுத்தான் நகர வேண்டும். கையுறை போட்டுக்கொண்டு சோதியுங்கள், பிரெய்ட் (பின்னிய லைன்) தோலை வெட்டும்.

ஊரில் விரால் பிடிக்கும்போது பயன்படுத்திய ரப்பர் தவளை லூர் நிறைய வைத்திருக்கிறேன். மஸ்கிக்கு ஆகுமா? (மிசிசாகா)

அடிக்கும். பிடித்துக் கரைசேர்ப்பது வேறு விஷயம். விரால் தவளையில் இரட்டைக் கொக்கி மேல்நோக்கி, உடலோடு ஒட்டி இருக்கும். மீன் ரப்பரை நசுக்கினால்தான் முனை வெளியே வரும். மஸ்கி குறுக்காகக் கவ்விப் பிடித்து வாயை இறுக்கிக்கொள்ளும்போது தவளை பற்களில் சிக்கி நிற்கும், நீங்கள் இழுத்தாலும் அசையாது. வாயைத் திறந்ததும் வெளியே வந்துவிடும்.

அதைவிட ஆபத்து லீடர் (லூருக்கும் லைனுக்கும் நடுவே கட்டும், பல்லைத் தாங்கும் உறுதியான துண்டு) இல்லாமல் வீசுவது. விராலுக்கு பிரெய்டை நேராகத் தவளையில் கட்டிப் பழகியிருப்பீர்கள். மஸ்கியின் பல் பிரெய்டை ஒரு நொடியில் அறுக்கும், மீன் கொக்கியோடு போய்விடும். அல்லி இலை நெருங்கிக் கிடக்கும் இடத்தில், வேறு எந்த லூரும் போக முடியாத இடத்தில், பெரிய தவளையை வயர் லீடரோடு வீசலாம். மற்றபடி அவற்றை பாஸ் மீனுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

ராட், ரீல், லைன், லீடர் எல்லாவற்றுக்கும் அளவு சொல்லுங்கள். (ஒட்டாவா)

8½ அல்லது 9 அடி, ஹெவி ராட். நீளம் தூரம் வீசுவதற்கு மட்டுமல்ல, படகோரத்தில் லூரை அகலமாகச் சுழற்றுவதற்கும்தான். பெய்ட்காஸ்டர் ரீல் (ராட்டின் மேல்பக்கம் அமர்வது), கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு 28-30 அங்குலம் இழுப்பது. 80 பவுண்ட் பிரெய்ட். அதை 65ஆகக் குறைத்தால் வீச்சில் ஒருமுறை ரீல் சிக்கும்போது விலையுயர்ந்த லூர் தனியாகப் பறந்துபோகும். தங்கூசியை (ஒற்றை நைலான் இழை) முழு லைனாகப் போட வேண்டாம். அது இழுபடும், தூரத்தில் கொக்கி இறங்காது.

லீடர்தான் டாப்வாட்டரில் கவனிக்க வேண்டியது. வால் சுழலும் வகைக்கும் கிரீப்பருக்கும் 100-130 பவுண்ட் புளோரோகார்பன், 12 அங்குலம். வாக்கிங் வகைக்கு அதே நீளத்தில் ஒற்றைக் கம்பி வயர். லைனைத் தளரவிடும்போது மெல்லிய லீடர் பின்னால் மடிந்து முன் கொக்கியில் சுற்றிக்கொள்ளும், விறைப்பான கம்பி சுற்றாது. லீடரின் மேல்முனையில் நல்ல பால்பேரிங் ஸ்விவல் (சுழலும் இணைப்பு) இருக்கட்டும். மலிவான ஸ்விவல் கனத்தில் சுழலாது, முறுக்கு முழுவதும் பிரெய்டில் ஏறும்.

வால் சுழலும் லூர் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது, இப்போது வால் நின்று நின்று சுழல்கிறது. கிரீப்பரோ ஒரு பக்கமாகவே இழுக்கிறது. திருத்த முடியுமா? (மார்க்கம்)

முடியும், பெரும்பாலும் ஏரியிலேயே.

வால் நிற்பதற்கு முதல் காரணம் செடி. தலைமயிர் போன்ற மெல்லிய நீர்ச்செடி இழை ஒன்று வாலுக்கும் உடலுக்கும் நடுவே கம்பியில் சுற்றினாலே போதும். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, வாலைப் பின்னுக்குத் தள்ளி அந்த இடைவெளியைப் பாருங்கள். அடுத்த காரணம் வளைந்த கம்பி. லூர் பாறையிலோ படகு விளிம்பிலோ அடிபட்டால் கம்பி சற்று வளைந்து, வால் ஒரு இடத்தில் மட்டும் உரசும். விரலால் மெதுவாகச் சுழற்றினால் எந்த இடத்தில் நிற்கிறது என்று தெரியும். இரண்டு இடுக்கி கொண்டு நேராக்கலாம். மூன்றாவது, நீங்களே மாற்றிய கொக்கி. ஒரு அளவு பெரிய கொக்கி போட்டால் அதன் முனை வாலைத் தொடலாம். புதிய கொக்கி போட்டதும் வாலை ஒரு முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள்.

உலோகத் தகட்டு வாலாக இருந்து, மெதுவாக இழுக்கும்போது மட்டும் சுழலவில்லை என்றால், தகட்டின் மடிப்பை இன்னும் சிறிது மடக்குங்கள். தண்ணீரை அதிகம் பிடிக்கும், குறைந்த வேகத்திலேயே கிளம்பும். மிகையாக மடக்கினால் வாலின் விசை உடலையே புரட்டிவிடும். உடல் புரண்டால் வயிற்றுக் கொக்கியை ஓர் அளவு கனமாக்கிப் பாருங்கள், அது அடியில் நிலைப்படுத்தும்.

உலோக வால் கிரீச்சிட ஆரம்பித்தால் எண்ணெய் போடாதீர்கள். அந்தக் கிரீச்சுக்காகவே பழைய லூரைத் தேடி வாங்குபவர்கள் உண்டு.

கிரீப்பர் ஒரு பக்கம் இழுத்தால் இரு சிறகும் சமமாக இல்லை என்று பொருள். முன்னாலிருந்து லூரை நேராகப் பார்த்து, இரண்டு சிறகும் உடலிலிருந்து ஒரே அளவு விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். சிறகு முழுதாகத் திறந்து நிற்க வேண்டும், கீலில் மணல் புகுந்தால் பாதியில் நிற்கும். சிறகை முன்னோக்கிச் சிறிது வளைத்தால் இன்னும் மெதுவாக ஊரும், அசைவும் அகலமாகும். பின்னோக்கி வளைத்தால் வேகம் தாங்கும். ஒரு தரத்துக்குத் துளி துளியாக வளையுங்கள். மெல்லிய தகட்டை நான்கைந்து முறை முன்பின் வளைத்தால் ஒடிந்துவிடும்.

மர லூராக இருந்தால் கொக்கி மாட்டும் திருகு வளையங்களைச் சுற்றி வண்ணம் விரிந்திருக்கிறதா என்று பார்க்க மறக்காதீர்கள். அந்த விரிசல் வழியே மரம் நீர் குடித்துக் கனத்துவிடும், மிதப்பு தாழ்ந்து அசைவு கெடும். நன்றாக உலர்த்தி, இரண்டு துளி எபாக்ஸி வைத்தால் சரியாகும். ஈரத்தோடு அடைத்தால் உள்ளே அழுகும்.

படகோரத்தில் எட்டு போடுவது (லூரை 8 வடிவில் சுழற்றுவது) டாப்வாட்டருக்கும் உண்டா? லூர் மேலேயே மிதக்கிறதே! (பிராம்ப்டன்)

கட்டாயம் உண்டு, ஒவ்வொரு வீச்சிலும். மஸ்கி பின்தொடர்ந்து வந்து படகைக் கண்டபின்னும் அடிக்கக்கூடிய மீன். ராட் நுனிக்கும் லூருக்கும் ஒன்றரை அடி இடைவெளி விட்டுச் சுற்றுவதை நிறுத்தி, அதே வேகத்தில், வால் சத்தம் அறுபடாமல், முதல் திருப்பத்தை அகலமாக எடுங்கள். மூழ்கும் லூருக்குப் போடுவது போல இறுக்கமான எட்டு வேண்டாம், நீள்வட்டம் போதும். நான்கடி நீள மீன் குறுகிய திருப்பத்தில் வளைய முடியாது. திருப்பத்தில் சிறிது வேகம் கூட்டலாம், குறைக்கவே கூடாது.

இங்கே மீன் அடித்தால் லைன் நீளமே இல்லை, இழுபடுவதற்கு ராட் மட்டும்தான். மீன் மாட்டியதும் கட்டைவிரலால் ஸ்பூலை (லைன் சுற்றியிருக்கும் உருளையை) அழுத்திக்கொண்டு டிராக்கைச் சற்றுத் தளர்த்துங்கள். இல்லாவிட்டால் முதல் பாய்ச்சலில் கொக்கி நிமிரும் அல்லது ராட் ஒடியும்.

இரவில் எந்த லூர்? (ஸ்காபரோ)

கறுப்புக் கிரீப்பர். நொடிக்கு ஒரு துடுப்பு விழும் அளவுக்கு மெதுவாக. காற்று இருந்தால் வால் சுழலும் கறுப்பு லூர். இரவில் உங்கள் கண் காதுதான். சத்தம் மாறினால் செடி சிக்கியிருக்கிறது, சத்தம் நின்றால் மீனாக இருக்கலாம், கனம் வரும்வரை காத்திருங்கள். தலைவிளக்கை ஏரி நோக்கி அடிக்க வேண்டாம், மீனைக் கழற்றும்போது மட்டும் போடுங்கள். லீடர் ராட் வளையத்துக்குள் ஏறாமலிருக்க, பிரெய்டில் லீடருக்கு ஓரடி முன்னால் ஒரு சிறு நூல் முடிச்சு வைத்தால் அது ராட் நுனி வளையத்தில் தட்டுவது கையில் தெரியும். படகின் சிவப்பு, பச்சை, வெள்ளை விளக்குகள் சூரியன் மறைந்ததிலிருந்து எரிந்தாக வேண்டும்.

பிடித்த மஸ்கியைக் குழம்பு வைக்கலாமா? சட்டம் என்ன சொல்கிறது? (ஏஜாக்ஸ்)

கவார்த்தாவில் பருவம் ஜூன் முதல் சனிக்கிழமை திறந்து டிசம்பர் 15இல் முடிகிறது. மற்ற பல மண்டலங்களில் ஜூன் மூன்றாம் சனி. மூடிய பருவத்தில் 'பிடித்து விட்டுவிடுவேன்' என்று சொல்லி மஸ்கியைத் தேடி வீசுவதும் குற்றம். கன்சர்வேஷன் லைசன்ஸ் (குறைவாக மட்டும் மீன் வைத்துக்கொள்ள அனுமதிக்கும் உரிமம்) வைத்திருப்பவர் ஒன்றுகூட வைத்துக்கொள்ள முடியாது. ஸ்போர்ட் லைசன்ஸுக்கும் மண்டலத்துக்கு மண்டலம் குறைந்தபட்ச நீளம் உண்டு, வடக்கே லாக் சூல் போன்ற இடங்களில் முழுவதையும் விட்டுவிட வேண்டும். அந்த ஆண்டின் ஒன்ராறியோ மீன்பிடி விதிச் சுருக்கத்தைப் பார்த்துவிட்டுப் போங்கள்.

சட்டம் இடம் தரும் இடத்திலும் குழம்புக்கு வேண்டாம் என்பதே எங்கள் பதில். மஸ்கி மெதுவாக வளரும் மீன். சட்ட நீளத்தைத் தொடுவதற்குள் பல ஆண்டுகள் ஆகிவிடும், மற்ற மீன்களைத் தின்றே வாழ்வதால் உடலில் பாதரசமும் சேர்ந்திருக்கும். எந்த ஏரி மீனை, எந்த நீளத்தில், மாதத்துக்கு எத்தனை வேளை உண்ணலாம் என்று மாகாண அரசு வழிகாட்டி வெளியிடுகிறது. வால்ஐ (walleye) மீனும் பெர்ச்சும் குழம்புக்குப் போதாதா?

விடுவதற்கு: ரப்பர் பூசிய பெரிய கைவலை, 11 அங்குல நீள மூக்கு இடுக்கி, கம்பி வெட்டும் கட்டர். இவை மூன்றும் படகில் இல்லாமல் மஸ்கி லூரை வீசாதீர்கள். வலை தண்ணீரிலேயே இருக்கட்டும், மீனும் அதற்குள் தண்ணீரிலேயே. கொக்கி ஆழமாக இறங்கியிருந்தால் கழற்றப் போராடாமல் தண்டை வெட்டுங்கள். புதிய கொக்கி சில டாலர்தான். படம் எடுக்க வேண்டுமென்றால் ஒரு கை செவுள் மூடியின் அடியில் தாடையோரம், மறுகை வயிற்றுக்குக் கீழ், மீன் படுக்கைவாட்டில். தாடையில் பிடித்துச் செங்குத்தாகத் தொங்கவிட்டால் அதன் உள்ளுறுப்புகளும் முதுகெலும்பும் சேதமாகும். பிறகு வால் அடியைப் பிடித்து நீரில் நேராக நிறுத்தி வையுங்கள். தானாக உதறிக்கொண்டு போகும்வரை கையை எடுக்க வேண்டாம்.